ஓலை வேய்ந்த கமவீடும் அதன் கொம்பறையும்

கொழும்பிலே பம்பலப்பிட்டி இன்று மாடிவீடுகள் நெருங்கிய பகுதியாகும். ஆயினும் அது முன்னர் தோட்டமாயிருந்ததென்பதை அதன் பெயரே காட்டுகின்றது. சிங்களத்தில் ஜம்போல எனவும் நம்மவரிடையே பம்பளிமாசு எனவும் வழங்கும் பெருங்கனி மரங்கள் நின்ற நிலம் என்பதே அப்பெயருக்குப் பலரும் கூறும் பொருள். அதனை அடுத்துள்ள வெள்ளவத்தையின் பெயரும் மணற்றோட்டம் எனப் பொருள்படும். இப்பகுதிகளிற் காலி வீதி வழியே நடந்து செல்லும் கமக்காரர் ஒருவர் ஓலைக் கூரையைக் காண்பது அரிது. நெல் வைக்கும் கூட்டைக் காணவே மாட்டார். அதிற் குறையொன்றும் இல்லை. கிழமைக்கு ஐந்து கிலோகிராம் அரிசியைக் கடையில் வாங்கி உண்ணும் குடும்பத்துக்குக் களஞ்சியம் வேண்டுவதில்லை. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு விறாந்தை, ஒரு சமையலறை என்னும் வீட்டுப்படம் அத்தகைய குடும்பத்துக்கென்றே வரையப்பட்டது.

அதே வீட்டுப்படம் வயலோரத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இதனையே இத்துண்டுப் பிரசுரத்தில் ஆராய விரும்புகின்றோம். வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் இக்காலத்திற் கட்டப்படும் கமக்காரர் வீடுகள் பலவற்றிலே நெல்லுக்கென ஓர் இடம் ஒதுக்கப்படுவதில்லை. உழவு இயந்திரத்துக்கும் மோட்டார்ச் சைக்கிளுக்கும் இடம் உண்டு. விளைந்த நெல்லுக்கு இல்லை. அறுவடை நாளன்றே வயலோரத்தில் நிற்கும் லொறியிலே நெல்லை ஏற்றிவிட நேர்வதற்கு விலையும் கடனும் காரணங்கள் என்பதை எல்லோரும் அறிவர். வீட்டின் அமைப்பும் அதற்கு ஒரு காரணம் என்பதை நினைப்பவர் சிலரே. நம் முன்னோரின் ஓலை வீடு நெல்லை நடுவில் வைத்து அமைக்கப்பட்டது. அதன் அமைப்பை அறிந்துகொள்வோமாயின், எதை இழந்தோம், அதில் எவ்வளவை இன்று மீளப் பெறலாம் என்பவற்றை அளந்து பார்க்க முடியும்.

வீடும் வளவும்

பழைய கமவீடு ஒரே கட்டடம் அன்று. ஒரு வளவுக்குள் நின்ற பல சிறு கட்டடங்களின் தொகுதி. படுக்கவும் பொருள் வைக்கவும் ஓர் அறையுள்ள வீடு, அதற்கு எதிரே அல்லது பக்கத்தே நாற்புறமும் திறந்த மால், விலகி நின்ற அடுக்களை, மாட்டுப்பட்டி, இவற்றின் நடுவே முற்றம் என்பன அதன் உறுப்புக்கள். செல்வர் வீடுகளில் இவை நெருங்கி முற்றத்தைச் சூழ்ந்து நின்று நாற்சார் வீடாயின. எளியோரிடத்து அவை தனித்தனிக் குடிசைகளாகவே நின்றன. எவ்வகை வீடாயினும் அடுக்களை விலகி நின்றது. நெற்கூடு அடுக்களையிலிருந்து மிக விலகி நின்றது. ஓலைக் கூரையின் மேல் ஒரு தீப்பொறி விழுந்தால் என்ன நேரும் என்பதை அறிந்தவர்கள் வகுத்த ஒழுங்கு அது.

தரையை மண்ணிட்டு உயர்த்தி, விளிம்பிலே குந்து அமைத்து, சாணத்தால் மெழுகினர். கப்புக்களுக்குப் பாலையும் முதிரையும் விரும்பப்பட்டன. பனை மிகுந்த இடங்களிற் பனஞ்சலாகையும் பனைவளையும் கூரையைத் தாங்கின. கப்புக்களின் இடையே வரிச்சுக் கட்டி, இருபுறமும் பிசைந்த மண்ணை அடைத்துச் சுவர் எழுப்பினர். இவ்வகைச் சுவருக்குப் பெரும்பகை சாரல் மழையே. ஆதலாற் கூரையின் இறப்பு மிகத் தாழ்ந்து, சுவரைக் கடந்து வெளியே நீண்டு நின்றது. உட்செல்பவர் தலை குனியாமல் நுழைய முடியாது. இதனைப் பணிவைக் கற்பிக்கும் ஏற்பாடு என்று சொல்வோரும் உளர். மழைச்சாரலுக்கு அஞ்சிய ஏற்பாடு என்பதே எமது எண்ணம்.

கூரையின் சரிவு செங்குத்தாய் இருந்தமைக்கும் காரணம் உண்டு. ஓடு தண்ணீரை உட்புக விடாது. ஓலையோ, இலுக்குப் புல்லோ, வைக்கோலோ தண்ணீரை ஓரளவு ஏற்றுக் கீழுள்ள அடுக்குக்குக் கடத்தும். சரிவு போதாதவிடத்துத் தண்ணீர் கீழ்நோக்கி ஓடாமல் உள்ளே ஊறும். ஊறிய ஓலை உக்கிவிடும். கூரை நாற்பத்தைந்து பாகை அளவிலே சாய்ந்திருந்தால் மேலடுக்கு மட்டும் நனைய, அடியடுக்கு உலர்ந்தே இருக்கும்.

எல்லா ஓலைக் கூரையும் விருப்பத்தால் வேயப்பட்டதன்று என்பதையும் இங்கே குறித்தல் நேர்மையாகும். 1660ஆம் ஆண்டு கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டு 1679ஆம் ஆண்டு தப்பிச்சென்ற ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில், அந்நாட்டுக் குடிகள் மாடி எழுப்பவோ ஓடு வேயவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதிக்கப்படவில்லை என எழுதியுள்ளார். கட்டளையாலும் வறுமையாலும் ஓலையின் கீழ் வாழ்ந்தோர் பலர். ஆதலின் ஓலை வீட்டை நாம் இங்கே புகழவில்லை. அதன் கீழ் வாழ்ந்தவர்கள் தம்மிடமிருந்த மண்ணையும் தடியையும் புல்லையும் கொண்டு நெல்லைக் காக்கக் கண்ட வழிகளே கற்கத்தக்கவை.

அவ்வழிகளில் முதலாவது முற்றம். அதனை வெறும் வெளி என்று நினைத்தல் தவறு. வெயில் மறைக்கும் மரம் இல்லாமலும், தண்ணீர் தேங்காமல் ஒருபுறம் சற்றே சாய்ந்தும், சாணத்தால் மெழுகப்பட்டும் இருந்த முற்றமே அவ்வீட்டின் உலர்த்தும் களம். அவித்த நெல்லும் விதைநெல்லும் பயறும் மிளகாயும் அங்கே காய்ந்தன. மாலில் அமர்ந்திருக்கும் முதியவர் கோழியை விரட்டிக்கொண்டே நெல்லைக் கவனிக்கலாம். மழை இருண்டால் இரண்டு பாய்ச்சலில் நெல்லை மாலுக்குள் இழுத்துவிடலாம். மாலை முற்றத்தை நோக்கி அமைத்ததன் பயன் இதுவே.

இரண்டாவது வழி அடுக்களைப் புகை. மரக்கறித் தோட்டக்காரர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். அடுப்புக்கு மேலுள்ள பரணிலே முற்றிய சுரைக்குடுவைகள் தொங்கும். கத்தரி விதையும் பயிற்றை விதையும் அவற்றினுள்ளே சாம்பலுடன் இருக்கும். பூசணி, வெள்ளரி விதைகளைச் சாணத்திற் பதித்துச் சுவரில் அப்பி உலரவிடுவதும் உண்டு. நாள்தோறும் எழும் இளஞ்சூடு விதையின் ஈரத்தைக் குறைத்தது. புகையும் சாம்பலும் பூச்சிகளை அகற்றின. எரிவாயு அடுப்பு வந்தபின் இப்பரண் பயனற்றதாயிற்று. கண்ணெரிவும் இருமலும் நீங்கியமைக்காகப் பெண்கள் மகிழ்ந்தனர், மகிழ்ந்தது நியாயமே. ஆனால் விதை இருந்த இடத்துக்குப் பதிலாக வேறோர் இடம் ஏற்படுத்தப்படவில்லை.

கொம்பறை

வளவிலே வீட்டுக்கு அடுத்த மதிப்புடையது நெற்கூடு. வன்னியிலும் கிழக்கிலும் இதனைக் கொம்பறை என்றனர். தமிழ்நாட்டிலே சுட்ட மண்ணுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குதிரும், பலகையால் ஆன பத்தாயமும் இதன் இனத்தவை. சிங்கள அயலவர் இரண்டு வகைகளைக் கையாண்டனர். பலகையாலோ வரிச்சுமண்ணாலோ நீள்சதுரமாய் அமைவது அட்டுவ. தடிகளாற் கூடைபோலப் பின்னி மண் பூசி வட்டமாய் அமைவது பிஸ்ஸ. நம் கொம்பறை பெரும்பாலும் இப்பின்னவகையை ஒத்தது.

அதனைக் கட்டும் முறை பின்வருமாறு. முதலிலே மேடான இடத்தில் நான்கு அல்லது ஆறு கற்கள் நடப்படும். கற்களின் மேலே கறையான் எளிதில் அரிக்காத வைரமரத் தடிகள் குறுக்கும் நெடுக்குமாக வைக்கப்படும். அவற்றின்மேல் நெருக்கிய கம்புகளாலான தட்டு. தட்டின் விளிம்பைச் சுற்றி நேர்த்தடிகளை நிறுத்தி, வளையத்தக்க பச்சை அலம்பல்களை ஒன்றுவிட்டொன்றாக உள்ளும் புறமுமாய்ப் பின்னிக்கொண்டு போவார்கள். ஆளுயரம் அல்லது அதற்கு மேலும் பின்னல் எழுந்ததும், புற்றுமண்ணும் சாணமும் வைக்கோல் துணுக்கும் கலந்து பிசைந்த சேற்றால் உள்ளும் புறமும் பூசுவார்கள். காயும்போது வெடிக்கும்; வெடிப்பை மெல்லிய சேற்றால் அடைத்து மீண்டும் மெழுகுவார்கள். இரண்டு மூன்று பூச்சுக்குப் பின்னரே சுவர் இறுகும். தலையிலே குடைபோன்ற ஓலைக் கூரை. அதனைத் தூக்கி ஒருபுறம் சாய்த்து, ஏணியில் ஏறி நெல்லைக் கொட்டுவார்கள்.

இவ்வமைப்பின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பகையை நோக்கியது. நிலத்திலிருந்து உயர்த்தியமை மழைநீருக்கும் நிலத்தின் ஈரத்துக்கும் கறையானுக்கும் எதிரானது. கல்லின்மேலே கறையான் மண்கூடு கட்டி ஏறினால் அது கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். மரக்கப்பை நிலத்தில் நட்டால் அது உள்ளே அரித்துக்கொண்டு ஏறுவதைக் காண இயலாது. சிங்கள நாட்டில் தம்பிட்ட விகாரை எனப்படும் சிறு கோயில்கள், குட்டையான கற்றூண்களின்மேல் மரத்தட்டு அமைத்து, அதன்மேல் வரிச்சுமண் சுவர் எழுப்பிக் கட்டப்பட்டவை. பதினேழாம் நூற்றாண்டு தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை இவை பல இடங்களில் எழுந்தன. நெல் அட்டுவவையும் இவ்விகாரையையும் அருகருகே பார்ப்பவர் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே என்பதை உடனே காண்பர். நெல்லுக்கென்று கண்ட காவலைத் தெய்வத்துக்கும் கொடுத்தார்கள் போலும்!

வட்ட வடிவின் பொருள் யாது? குவித்த நெல் சுவரைப் பக்கவாட்டிலே தள்ளும். நேர்ச்சுவர் அத்தள்ளலால் நடுவிலே பிதுங்கி மூலையிலே பிளக்கும். வட்டச்சுவரிலோ தள்ளல் எப்புறமும் ஒப்பப் பரவி, பின்னலின் இழுவிசையால் தாங்கப்படும். பீப்பாவின் இரும்பு வளையம் செய்யும் வேலையை இங்கே அலம்பல் செய்கின்றது. மேலும் வட்டத்துக்கு மூலை இல்லை. பழைய நெல் தங்கிப் பூச்சிகள் அடுத்த போகம்வரை ஒளிந்திருக்கும் இடம் மூலைதான்.

மண்பூச்சு மழைக்காலத்திலே காற்றின் ஈரத்தைச் சிறிது தான் ஏற்று, வெயிற்காலத்திலே விட்டுவிடும். நெல்லிற் பாயும் ஈரம் அவ்வளவுக்குக் குறையும். தடித்த ஓலைக் கூரையின் நன்மை இதனினும் பெரிது. தகரக் கூரையின்கீழ் வைத்த நெல்லை நினைத்துப் பாருங்கள். பகலிலே தகரம் கொதிக்க, நெல்லிலிருந்து ஆவி எழுகின்றது. இரவிலே தகரம் விரைவாகக் குளிர்ந்து, அவ்வாவி அதன் அடிப்புறத்தில் நீர்த்துளியாகி நெல்லின்மேலே சொட்டுகின்றது. மேல்நெல் பூஞ்சணம் பிடிப்பதைக் கண்டு கூரை ஒழுகுகின்றது என்று பலர் மயங்குவர். ஓலை இவ்வாறு சூடேறுவதும் இல்லை, சடுதியிற் குளிர்வதும் இல்லை.

நெல்லந்து என்னும் சிறு வெண்மஞ்சட் பூச்சி குவியலின் மேலடுக்கிலேதான் பெரிதும் முட்டையிடும், ஆழத்துக்கு இறங்காது. ஆதலால் நெல்லின் தலைமீது வேப்பிலையும் நொச்சியிலையும் உலர்த்திப் பரப்பியமை அறிவுக்குப் பொருந்திய செயலே. எலியைப் பொறுத்தமட்டில் கொம்பறை தோற்றுப்போயிற்று என்றே சொல்லல் வேண்டும். எலி ஏறக்குறைய முக்கால் மீற்றர் பாயவல்லது. முழங்கால் உயரக் கல் அதற்குத் தடையன்று. அடியிலே பூனையும் நாயும் நுழைய இடம் இருந்தமையே பழைய காவல்.

கொம்பறை எவ்வளவு கொள்ளும்? குறுக்களவு 2 மீற்றரும் நெல் நிற்கும் உயரம் ஒன்றரை மீற்றருமாயின் கொள்ளளவு ஏறக்குறைய 4.7 கன மீற்றர். ஒரு புசல் 36 லீற்றருக்குச் சற்று மேற்பட்டது. அந்த அளவு நெல் 20.9 கிலோகிராம் நிறுக்கும். எனவே அக்கொம்பறையில் ஏறக்குறைய 130 புசல், அதாவது 2,700 கிலோகிராம் நெல் அடங்கும். ஏக்கருக்கு 90 புசல் விளையும் வயலாயின் ஒன்றரை ஏக்கரின் விளைவு ஏறக்குறைய முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். கற்களும் தடியும் சேறுமாய் அமைந்த, காசு செலவில்லாத ஒரு கூட்டின் கொள்ளளவு இது.

பெரிய அளவிலே இதே தத்துவத்தைக் காண விரும்புவோர் தஞ்சாவூர் மாவட்டத்திற் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக்குச் செல்லலாம். 1600 தொடக்கம் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்திலே கோயில் நெல்லுக்கெனச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்ட வட்டக் களஞ்சியம், கூம்பிய தலையுடன் இன்றும் அங்கே நிற்கின்றது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பர். தமிழ்நாட்டு அரசு அதனைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வைத்திருக்கின்றது. செங்கற் களஞ்சியம் நானூறு ஆண்டு நிற்கும். மண்ணும் ஓலையுமான கொம்பறையோ ஆண்டுதோறும் மெழுகி, ஓராண்டு ஈராண்டுக்கு ஒருமுறை வேயும் கை இருக்கும்வரையே நிற்கும். கை நின்ற மூன்றாம் மாரியில் அது மண்மேடு. நம் நாட்டுக் கொம்பறைகளைக் காண முடியாமைக்கு முதற்காரணம் இதுவே.

அது மறைந்தமைக்குக் காரணங்கள்

கொம்பறையை ஒருவரும் வேண்டுமென்று இடித்துவிடவில்லை. அதன் வேலை ஒவ்வொன்றாக வேறிடங்களுக்குப் போயிற்று. முன்னர் நெல் வீட்டிலேயே அவிக்கப்பட்டு, உரலிலே குற்றப்பட்டது. ஆகவே ஆண்டு முழுவதும் நெல் வீட்டில் இருத்தல் வேண்டியிருந்தது. ஊர்தோறும் ஆலை வந்தபின் உரல் ஓய்ந்தது. 1948ஆம் ஆண்டின் உத்தரவாத விலைத் திட்டத்தின்கீழ்க் கூட்டுறவுச் சங்கங்கள் நெல்லை வாங்கத் தொடங்கின; 1971ஆம் ஆண்டு நெற் சந்தைப்படுத்தும் சபை அமைந்தது. சாக்கிலே கட்டி வண்டியில் ஏற்றினாற் பணம் கிடைத்தது. இது கமக்காரருக்குப் பெரு நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் அரசு வாங்கும் காலம்வரை மட்டுமே களஞ்சியமின்றி வாழ்தல் பாதுகாப்பானது. அரசின் கொள்வனவு கூடியும் குறைந்தும் வந்த ஆண்டுகளிலே, கூடு இல்லாத கமக்காரர் தனியார் விலைக்குக் கட்டுப்பட நேர்ந்தது.

1958ஆம் ஆண்டளவிலே பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தின் எச் 4 என்னும் நெல்லினம் பரவியது முதலாக விளைச்சல் பெருகிற்று. மொட்டைக்கறுப்பனுக்கும் பச்சைப்பெருமாளுக்கும் அளவாய்க் கட்டிய கூடு புதிய விளைவுக்குப் போதவில்லை. பெரிதாகக் கட்டுவதற்குப் பதிலாக, கட்டுவதையே விட்டுவிட்டோம்.

இயற்கையும் போரும் மிகுதியை அழித்தன. 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி ஓலைக் கூரைகளை வாரிச் சென்றது. 1983ஆம் ஆண்டு தொடக்கம் 2009ஆம் ஆண்டுவரை நிகழ்ந்த போரிலே வடக்கும் கிழக்கும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. ஆளில்லா வளவில் மண்சுவர் எவ்வாறு நிற்கும்? போரின் பின் இந்திய உதவியுடன் ஐம்பதினாயிரம் வீடுகள் அமைக்கும் திட்டம் தொடங்கப்பட்டு, அவற்றில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் ஒதுக்கப்பட்டன. கூரையற்றிருந்தோர் கூரை பெற்றனர். வீடு திரும்பிய குடும்பம் முதலில் தலைக்குமேல் ஓட்டைத்தான் நினைக்கும். நெல்லுக்கு ஓர் இடம் என்பது பின்னே வரும் நினைவு. அந்நினைவு வந்தபொழுது வளவிலே இடமும் கையிலே பணமும் முடிந்திருந்தன என்று கூறிய கமக்காரர் சிலரை யாமே அறிவோம்.

இறுதிக் காரணம் அறுவடை இயந்திரம். பழைய முறையிலே அரிந்த கதிர் வயலிற் சில நாள் கிடந்து, சூடாக வைக்கப்பட்டு, வாரங்கள் கழித்து எருமை கொண்டு மிதிக்கப்பட்டது. பொலி என்று மரியாதையுடன் அழைக்கப்பட்ட அந்நெல், களத்தை விட்டு வரும்போதே பெரிதும் உலர்ந்திருந்தது. இயந்திரமோ நின்ற கதிரை அரிந்த சில நிமிடங்களில் நெல்லாக்கித் தருகின்றது. அதில் நூற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்து வீதம் ஈரம் உண்டு. அந்நெல்லை அப்படியே கூட்டிலிட்டால் இரண்டு நாளிற் சூடேறி மஞ்சளாகும். உலர்த்த முற்றம் வேண்டும், ஆள் வேண்டும், நாலைந்து நாள் வெயில் வேண்டும். இவை இல்லாதவர் ஈரநெல்லை ஈரநெல்லின் விலைக்கே விற்கின்றார். அதே கமக்காரர் ஐப்பசி கார்த்திகையிலே தம் வீட்டுக்கு அரிசியைக் கடையிற் கொள்ளும்போது, தாம் மாசியில் விற்ற விலையை நினைத்துப் பெருமூச்செறிகின்றார்.

நாட்டின் களஞ்சியங்களும் சில ஆண்டுகளிலே போதாமற் போயின. 2015ஆம் ஆண்டிலே நெற் சந்தைப்படுத்தும் சபை வாங்கிய நெல்லை வைக்க இடமின்றி, மத்தளை சர்வதேச விமான நிலையத்தின் சரக்குக் கட்டடங்களில் அடுக்கினார்கள். விமானம் நிற்கவேண்டிய இடத்திலே நெல் மூடைகள் நின்றதைக் கண்டு நகரத்தார் நகைத்தனர். வளவுதோறும் ஒரு சிறு கூடு இருந்த காலத்தில் அந்நகைப்புக்கு இடமிருந்திராது.

இன்று செய்யத்தக்கது

பழைய கொம்பறையை அப்படியே மீளக் கட்டுக என்று கூறுவது எமது நோக்கமன்று. பாலையும் முதிரையும் காட்டிலே குறைந்துவிட்டன. அவற்றை வெட்டுதல் சட்டத்துக்கும் புறம்பானது. விளைவு முழுவதையும் வீட்டில் வைத்தலும் கடன்பட்டவர்க்கு இயலாது. எவ்வளவை வைத்தல் வேண்டும் என்று முதலிற் கணக்கிடுக.

ஐவர் கொண்ட குடும்பம் ஒன்று, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 110 கிலோகிராம் அரிசி என்று கொண்டால், 550 கிலோகிராம் அரிசி உண்ணும். நெல்லில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு அரிசியாகுமெனின் இதற்கு 850 கிலோகிராம் நெல், அதாவது நாற்பது புசலுக்குச் சற்று மேல் வேண்டும். இரண்டு ஏக்கர் வயலை வீசி விதைக்க விதைநெல் நாலு புசல். ஆக, நாற்பத்தைந்து புசல். இதற்கு வேண்டும் கூடு 1.4 மீற்றர் குறுக்களவும், நெல் நிற்கும் உயரம் ஒரு மீற்றருக்குச் சற்று மேலும் உடையது. ஒரு கட்டில் அடைக்கும் இடத்திலும் குறைந்த இடம் இது. இவ்வளவையேனும் வைத்திருப்பவர் சோற்றுக்குச் சந்தையை நம்பவேண்டியதில்லை.

கூட்டைக் கட்டுமுன் உலர்த்தும் இடத்தை ஏற்படுத்துக. சீமெந்துத் தரையாயினும் படங்கு விரித்த நிலமாயினும், நெல்லை மூன்று நாலு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேற்படாமற் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை கிளறுக. உச்சி வெயிலிலே சீமெந்துத் தரை மிகச் சுடுமாயின் குவித்து மூடிவிடுக. இல்லையேல் அரிசி குற்றும்போது நொறுங்கும். உண்ணும் நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14க்கு மேற்படலாகாது; விதைநெல் 12 அளவுக்கு உலர்தல் நன்று. விதையின் ஈரம் ஒரு வீதம் குறையுந்தோறும் அதன் முளைப்பாயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது விதை ஆராய்ச்சியாளர் கண்ட பொது விதி.

ஈரமானி இல்லாதவர் உப்பைக் கொண்டு சோதிக்கலாம். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் போத்தலிலே உலர்ந்த தூளுப்பைச் சிறிதும் நெல்லைப் போத்தலின் மூன்றிலொரு பங்கும் இட்டு மூடிக் குலுக்குக. சில நிமிடத்தின் பின் உப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் நெல்லில் 15 வீதத்துக்கு மேல் ஈரம் உண்டு. இன்னும் ஒருநாள் காயவிடுக. ஒட்டாமல் உதிர்ந்தாற் சேமிக்கலாம். பல்லிற் கடித்தால் டக்கென முறிவதைக் கொண்டு நெல்லின் உலர்வை அறிந்த முதியவர்களும் பிழை விடுவது குறைவு.

கூடு எப்பொருளாலும் ஆகலாம். சீமெந்துக் கிணற்று வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பொருத்தை அடைத்தாற் பழைய குதிரின் வடிவமே கிடைக்கும். அதனை நிலத்தில் வையாது, ஒரு மீற்றர் உயரத் தூண்களின்மேல் தட்டமைத்து வைத்து, ஒவ்வொரு தூணிலும் வழுவழுப்பான தகரக் கூம்பைக் கவிழ்த்துவிட்டால், கொம்பறை தோற்ற எலியை இது வெல்லும். மேலே தகரம் போடுவதாயின் அதன்கீழ் ஓலையோ வைக்கோலோ கொண்ட ஓர் அடுக்கு அவசியம். மூடியை மேலேயும், நெல்லை எடுக்கும் சிறு துவாரத்தை அடியிலும் வைக்குக. முன்னே இட்ட நெல் முன்னே வெளிவரும்.

விதைநெல்லைக் கூட்டில் இடாமல், காற்றுப் புகாத தடித்த பொலித்தீன் உறையிலோ இறுக்கமான மூடியுள்ள பீப்பாவிலோ வாய்வரை நிரப்பி அடைத்து வைத்தல் மேல். உள்ளிருக்கும் பூச்சிகள் அங்குள்ள பிராணவாயுவைச் செலவிட்டுத் தாமே மடியும், மருந்து வேண்டுவதில்லை. ஆயின் ஈரநெல்லை இவ்வாறு அடைத்தால் நான்கு நாளிற் புளித்து நாறும். மரக்கறி விதைக்கும் இதே முறை பொருந்தும்: நன்றாக உலர்த்தி, திருகுமூடிப் போத்தலில் இட்டு, வீட்டின் இருண்ட குளிர்ந்த மூலையில் வைக்குக. பழைய அறைக்குச் சாளரம் வையாமையின் பயன் இதுவே. மருந்து பூசிய விதைநெல் மிஞ்சினால் அதனை உணவுக் கூட்டிலே சேர்த்தல் எக்காரணத்தாலும் ஆகாது.

கூட்டை நிரப்பும் நாளுக்கு ஒரு கிழமைக்கு முன்பாகவே பழைய நெல்லை முற்றாக வெளியேற்றி, உட்புறத்தைப் பெருக்கி, பெருக்கிய குப்பையை எரித்து, வெடிப்புக்களை அடைத்து, வெறுங்கூட்டைத் திறந்து வெயில் படவிடுக. அடித்துவாரத்தின் முளையைக் கழற்றி, அதன் பின்னாலுள்ள பள்ளத்தையும் ஒரு குச்சியாற் சுரண்டிப் பார்க்கத் தவறலாகாது. சென்ற ஆண்டின் வண்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.